பழைய போனோகிராப்பில் பல வகை இசைத்தட்டுகள்: அடாப்டர் பொருத்தப் புதிதாகப் பழகுவோருக்கு

எடிசன் டயமண்ட் டிஸ்க் போனோகிராப் ஒன்றை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவருபவர் முதலில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும். வீட்டில் ஏற்கெனவே இருக்கும், நிமிடத்துக்கு 78 முறை சுழலும் சாதாரணத் தட்டுகளை இதில் போட்டுக் கேட்கலாமா என்பதே அது. விக்டர், கொலம்பியா, எச்.எம்.வி. இயந்திரம் வைத்திருப்பவருக்கு இதன் மறுபக்கம் எழும்: சந்தையில் கிடைத்த எடிசன் தட்டையோ பாத்தே தட்டையோ நம் இயந்திரத்தில் ஓட்ட முடியுமா என்று கேட்பார். இந்த இரண்டு கேள்விகளும் நூறாண்டுகளுக்கு முன்பே கேட்கப்பட்டவை. அவற்றுக்கு விடையாக அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சிறு நிறுவனங்கள் பல, ஒரு வகை இயந்திரத்தில் மற்ற வகைத் தட்டை ஓட்ட உதவும் இணைப்புக் கருவிகளான அடாப்டர்களைச் செய்து விற்றன. அவற்றில் நல்லவை இன்றும் வேலை செய்கின்றன. ஆனால் எந்த அடாப்டரை எந்தத் தட்டுக்குப் பொருத்தலாம் என்று தெரியாமல் இறங்கினால், இயந்திரத்துக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. தட்டு மட்டும் ஒரே ஓட்டத்தில் கெட்டுப்போகும். இயந்திரத்துக்கு மாற்று உதிரி கிடைக்கும், அரிய தட்டுக்குக் கிடைக்காது. ஆகையால் கீழே சொல்லப்படும் ஒவ்வொரு படியும் தட்டின் பக்கம் நின்றே சொல்லப்படுகிறது.

அடாப்டர் எதைச் செய்கிறது, எதைச் செய்யாது

பழைய தட்டுகளில் ஒலி இரண்டு வழிகளில் பதிக்கப்பட்டது. எமில் பெர்லினர் 1887-இல் தொடங்கிவைத்த முறையில், ஊசி ஓடும் பள்ளக்கோடான வரியின் ஆழம் மாறுவதில்லை. வரி இடமும் வலமுமாக நெளிகிறது. இதைப் பக்கவாட்டு வரி என்போம். விக்டர், கொலம்பியா, எச்.எம்.வி., ஓடியன் ஆகிய பெயர்களில் வந்த 78 தட்டுகள் இந்த வகையைச் சேர்ந்தவை. மற்ற முறையில் வரி நேராகவே செல்கிறது. அதன் அடிப்பகுதி மேடும் பள்ளமுமாக ஏறி இறங்குகிறது. இதை ஏற்ற இறக்க வரி என்போம். எடிசனின் இசை உருளைகளும், 1912 முதல் 1929 வரை வந்த அவருடைய டயமண்ட் டிஸ்க் தட்டுகளும், பிரான்சின் பாத்தே நிறுவனம் வெளியிட்ட பழைய தட்டுகளும் இந்த வகை.

ஊசி எந்தத் திசையில் அசைகிறதோ, அந்த அசைவை, ஊசியைத் தாங்கி ஒலியை எழுப்பும் தலையான சவுண்ட் பாக்ஸின் உள்ளே இருக்கும் மெல்லிய தகடு வாங்கிக்கொள்ளும்படி அதன் முகம் திரும்பியிருக்க வேண்டும். பக்கவாட்டு வரிக்குச் சவுண்ட் பாக்ஸ் நிமிர்ந்து, வரி ஓடும் திசைக்கு இணையாக நிற்கிறது. எடிசன் டயமண்ட் டிஸ்க் இயந்திரத்தில் தகடு தட்டுக்கு மேலே படுத்தவாக்கில் இருக்கிறது. வைரமுனை ஏறி இறங்கும்போது, இணைப்பின் வழியே தகடும் ஏறி இறங்குகிறது. பாத்தே முறையில் சவுண்ட் பாக்ஸ் நிமிர்ந்தே நின்றாலும், வரியின் போக்குக்குக் குறுக்கே திரும்பி நிற்கிறது.

அடாப்டர் இந்தத் திசையை மாற்றிக் கொடுக்கிறது. ஊசிமுனை தட்டில் சரியான இடத்தில் இறங்கும்படி நீளத்தையும் உயரத்தையும் சரிசெய்கிறது; சவுண்ட் பாக்ஸிலிருந்து ஒலிக்குழல் வரை காற்று கசியாத பாதையை அமைக்கிறது. அவ்வளவுதான் அதன் வேலை. தட்டின் மேல் இறங்கும் எடையையும், முனையின் வடிவத்தையும், வரியின் நெருக்கத்தையும் அது தானாகச் சரிசெய்துவிடாது. அவற்றைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு நம்முடையது.

முதலில் தட்டை அடையாளம் காணுங்கள்

அடாப்டரைக் கையில் எடுப்பதற்கு முன் தட்டை எடுத்து ஜன்னலோர வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். பத்து மடங்கு பெரிதாகக் காட்டும், கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவர்கள் கண்ணில் வைத்துக்கொள்ளும் லென்ஸ் போதும். வரிகள் நடுங்கும் கையால் வரைந்த கோடுகள் போல இடவலமாக நெளிந்தால் அது பக்கவாட்டுத் தட்டு. வரிகள் எல்லாம் ஒரே சீராக நேராகச் சென்று, அவற்றின் அடியில் மட்டும் ஒளியும் நிழலும் மாறி மாறிப் புள்ளிகளாகத் தெரிந்தால் அது ஏற்ற இறக்கத் தட்டு. பலத்த இசை உள்ள பகுதியில் பார்த்தால் வேறுபாடு தெளிவாகத் தெரியும். மெல்லிய பகுதியில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றக்கூடும்.

எடிசன் டயமண்ட் டிஸ்க்கை லென்ஸ் இல்லாமலேயே கண்டுகொள்ளலாம். ஏறத்தாழ கால் அங்குலத் தடிமன் இருக்கும். கையில் எடுத்தவுடன் அதன் கனம் தெரியும். 1921-க்கு முந்தையவற்றில் தாள் ஒட்டியிருக்காது. பெயரும் எண்ணும் கறுப்புப் பரப்பிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். பாத்தே தட்டுகளில் முற்பட்டவை நடுவிலிருந்து தொடங்கி வெளிவிளிம்பை நோக்கி ஓடுபவை; அவற்றிலும் எழுத்துகள் பொறிக்கப்பட்டே இருக்கும்.

பெயரை மட்டும் நம்பிவிடக் கூடாது என்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் சொல்கிறேன். அமெரிக்காவின் ஓகே நிறுவனம் 1918-இல் தொடங்கியபோது ஏற்ற இறக்கத் தட்டுகளையே வெளியிட்டது. பின்னர்தான் பக்கவாட்டுக்கு மாறியது. ஜென்னெட் தட்டுகளும் அவ்வாறே. பக்கவாட்டு முறைக்கான காப்புரிமையை விக்டரும் கொலம்பியாவும் கையில் வைத்திருந்ததால் சிறிய நிறுவனங்கள் அந்தப் பக்கம் செல்லத் தயங்கின. பாத்தே நிறுவனமும் 1920-களின் தொடக்கத்தில் 'ஆக்டுவெல்' என்ற பெயரில் பக்கவாட்டுத் தட்டுகளை வெளியிட்டது. எனவே ஒரே நிறுவனத்தின் பெயரில் இரண்டு வகைத் தட்டுகளும் உங்கள் கைக்கு வரக்கூடும்.

இந்தியாவில் தேடுபவர்களுக்கும் இது பொருந்தும். தமிழில் விற்பனையான எச்.எம்.வி., கொலம்பியா, ஓடியன் தட்டுகள் பக்கவாட்டு வகை என்பதால் அவற்றுக்குச் சிக்கல் இல்லை. ஆனால் கல்கத்தாவின் எச். போஸ் நிறுவனம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலில் உருளைகளையும், பின்னர் பாத்தே தயாரித்துத் தந்த ஏற்ற இறக்கத் தட்டுகளையும் விற்றது. பழைய பொருள் கடையில் அப்படி ஒன்று கண்ணில் பட்டால், வீட்டு எச்.எம்.வி. பெட்டியில் இரும்பு ஊசியைப் போட்டு ஓட்டிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும்.

இன்னும் ஒரு பிரிவைத் தனியே ஒதுக்கி வையுங்கள். 1948-இல் கொலம்பியா கொண்டுவந்த எல்.பி. தட்டுகள், அதற்கு அடுத்த ஆண்டு ஆர்.சி.ஏ. விக்டர் கொண்டுவந்த 45 சுழற்சித் தட்டுகள், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்கப் படைவீரர்களுக்கு அனுப்பப்பட்ட வி-டிஸ்க் தட்டுகள் ஆகியவை வினைல். இவற்றை எந்த அடாப்டரைக் கொண்டும் சாவி கொடுத்து ஓட்டும் இயந்திரத்தில் போடக் கூடாது. 78 வேகத்தில் ஓடுவது என்பதாலேயே வி-டிஸ்க்கைச் சேர்த்துப் போட்டுவிடுவோர் உண்டு. நூறு கிராமுக்கும் மேற்பட்ட எடையுடன் இறங்கும் இரும்பு ஊசி வினைலை உழுதுவிடும்.

எடிசன் இயந்திரத்தில் சாதாரண 78 தட்டு

அடாப்டர் பயன்படும் இடங்களிலேயே மிகவும் பொருளுள்ள இடம் இதுதான் என்பது என் கருத்து. எடிசன் பெட்டியின் ஒலிக்குழல் பெரியது. அதன் மோட்டார் உறுதியானது. 78 தட்டுக்கு வேண்டிய இரும்பு ஊசியும் சவுண்ட் பாக்ஸும் எளிதில் கிடைக்கின்றன. நியூ ஜெர்சியின் கென்ட் நிறுவனம் எடிசன் இயந்திரங்களுக்கென்றே செய்த அடாப்டர் சேகரிப்பாளர்களிடையே நன்கு அறியப்பட்டது. இன்று த்ரீ-டி பிரிண்டரில் செய்து விற்பவர்களும் இருக்கிறார்கள்.

முதல் படி, எடிசனின் சொந்த ரீப்ரொடியூசரை, அதாவது வைரமுனை பொருத்திய அதன் சவுண்ட் பாக்ஸை, கழற்றிப் பத்திரப்படுத்துவது. ஒலிக்குழலைத் தூக்கி இறக்கும் நெம்புகோலைத் தூக்கிய நிலையில் வைத்து, ஒலிக்குழல் உயர்ந்திருப்பதை உறுதிசெய்துகொண்டு, ஒரு கையால் ரீப்ரொடியூசரைத் தாங்கிப் பிடித்தபடி பூட்டைத் தளர்த்துங்கள். வைரமுனை எதிலும் இடிபடாதபடி பஞ்சு வைத்த டப்பாவில் முனை மேல்நோக்கி இருக்குமாறு வையுங்கள். அந்த வைரம் விளிம்பில் பெயர்ந்திருந்தால் அடுத்து ஓட்டும் எடிசன் தட்டுகள் எல்லாவற்றையும் அது கீறிக்கொண்டே போகும். ஆகவே கழற்றியதும் அதையும் லென்ஸில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

அடுத்து, அடாப்டரைப் பொருத்துவதற்கு முன் ஒரு கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். எடிசன் இயந்திரத்தில் வரி ஊசியை இழுத்துச் செல்வதில்லை. பல்சக்கரம் ஒலிக்குழலை நகர்த்துகிறது. தட்டில் அங்குலத்துக்கு 150 வரிகள் இருப்பதால், தட்டு 150 முறை சுற்றினால் குழல் ஓர் அங்குலம் நகரும். சாதாரண 78 தட்டில் வரிகள் அவ்வளவு நெருக்கமாக இல்லை. அங்குலத்துக்கு 100 வரிகள் என்று வைத்துக்கொண்டால், அதே 150 சுற்றுகளில் ஊசி ஒன்றரை அங்குலம் உள்ளே போயிருக்க வேண்டும். அதாவது ஏறக்குறைய இரண்டு நிமிடங்களில் குழல் அரை அங்குலம் பின்தங்கிவிடும். அடாப்டர் விறைப்பாக இருந்தால் ஊசி பக்கவாட்டில் இழுபட்டு, வரியின் சுவரை அறுத்துக்கொண்டு போகும். அல்லது வரியை விட்டுத் தாவும்.

ஆகவே, ஒன்று குழல் பல்சக்கரத்திலிருந்து விடுபட்டு, வரி இழுக்கும் வழியே செல்ல வேண்டும். அல்லது அடாப்டரிலேயே ஊசி தனியாக உள்நோக்கி நகர்ந்து செல்லும் அளவுக்கு ஒரு கீல் இருக்க வேண்டும். உங்கள் கையில் உள்ள அடாப்டர் எந்த வகை என்பதை, தட்டு எதுவும் இல்லாமல், கையால் அசைத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். விற்றவரிடமும் கேளுங்கள். பதில் தெளிவாக இல்லையென்றால் தட்டைப் போடாதீர்கள்.

குழல் விடுபட்டு ஓடும் வகை என்றால், அதன் முழு நகர்வையும் 78 தட்டின் வரிச்சுவர்தான் தாங்கப்போகிறது. எனவே குழல் தாங்கியில் பழைய எண்ணெய் பிசினாகிக் கெட்டிப்பட்டிருக்கக் கூடாது. நெம்புகோல் தூக்கிய நிலையில் குழலின் நுனியைச் சுண்டுவிரலால் மெல்லத் தள்ளிப் பாருங்கள். எந்த இடத்திலும் தயங்காமல் நகர வேண்டும். தயங்கினால், பழைய பிசினைத் துடைத்தெடுத்துவிட்டு ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விட வேண்டும். பெட்டியின் மேல் ரசமட்டம் வைத்து நாலு பக்கமும் சமமாக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பெட்டி ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் குழல் தன் எடையாலேயே அந்தப் பக்கம் போகப் பார்க்கும்; அந்த இழுப்பும் வரிச்சுவரின் மேல்தான் விழும்.

இதே அளவு கவனம் மேல்கீழ் அசைவுக்கும் வேண்டும். 78 தட்டு எடிசன் தட்டைவிட மிகவும் மெல்லியது. எனவே ஊசி இன்னும் கீழே இறங்கியாக வேண்டும். ஆனால் குழலின் எடை முழுவதும் ஊசியின் மேல் வந்துவிடவும் கூடாது. சவுண்ட் பாக்ஸ் மட்டும் தன் எடையோடு தட்டில் அமர்ந்து, தட்டு சற்று வளைந்திருந்தாலும் அதோடு சேர்ந்து உயர்ந்து தாழ இடம் இருக்க வேண்டும். இதைச் சோதிக்க, தேவையில்லாத ஒரு விரிசல் தட்டை வைத்து, ஓடாத நிலையில் ஊசியை இறக்குங்கள். பின்னர் சவுண்ட் பாக்ஸை விரலால் ஒரு நெல்மணி உயரத்துக்குத் தூக்கி விடுங்கள். அது தடையில்லாமல் எழுந்து தானாகவே திரும்ப இறங்க வேண்டும்.

இப்போது ஊசி இறங்கும் இடத்தைச் சரிபாருங்கள். குழலை மெல்ல நடுவை நோக்கித் தள்ளினால், ஊசிமுனை சுழல்தட்டின் நடுத்தண்டுக்கு நேர் மேலோ, அதைச் சற்றே கடந்தோ செல்ல வேண்டும். தண்டுக்கு வெகு முன்னாலேயே நின்றுவிட்டால் தட்டின் உட்பகுதியில் ஊசி வரிக்குச் சாய்வாக நிற்கும். ஒலி சிதறும், தேய்மானமும் கூடும். பல அடாப்டர்களில் குழாயை உள்ளே தள்ளியோ வெளியே இழுத்தோ நீளத்தைச் சரிசெய்யலாம். அடுத்து, முன்னாலிருந்து பார்க்கும்போது ஊசி செங்குத்தாகவும், பக்கத்திலிருந்து பார்க்கும்போது தட்டோடு ஏறக்குறைய 60 பாகைச் சாய்விலும், தட்டு சுழலும் திசையிலேயே முனை பின்தொடரும்படியும் இருக்க வேண்டும்.

இணைப்பில் காற்று கசிந்தால் ஒலி மெலிந்து, கீழ்ச்சுரங்கள் காணாமல் போகும். அடாப்டர் குழாயின் வாயில் தளர்வாக இருந்தால், பசை எதையும் தடவாதீர்கள். குழாய் வேலை செய்பவர்கள் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றினால் போதும். வேண்டாதபோது தடயம் இல்லாமல் உரித்துவிடலாம். சவுண்ட் பாக்ஸின் பின்புறத்தில் உள்ள ரப்பர் வளையம் கல்லாக இறுகியிருப்பதும் பழைய இயந்திரங்களில் வழக்கம். அதை மாற்றாமல் ஒலி சரியில்லை என்று அடாப்டரைக் குறை சொல்வதில் பயனில்லை.

கடைசியாக ஊசி. இரும்பு ஊசியை ஒரு பக்கத்துக்கு ஒன்று என்ற கணக்கில் மாற்றியே ஆக வேண்டும். 78 தட்டு அரக்கால் ஆனது; அந்த அரக்குத் தட்டின் கலவையில் கல்பொடி போன்ற தேய்ப்புப் பொருள் சேர்க்கப்பட்டிருப்பதால், முதல் சில சுற்றுகளிலேயே ஊசிமுனை வரியின் வடிவத்துக்குத் தேய்ந்து அமர்ந்துவிடும். தட்டு முடியும்போது அதே முனை கூர்விளிம்புள்ள உளியாகியிருக்கும். அதை அடுத்த தட்டில் வைத்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. பயன்படுத்திய ஊசிகளைப் புதியவற்றோடு கலக்காமல் தனி டப்பாவில் போடுங்கள்.

வேகத்தைச் சரிபார்த்தல்

எடிசன் தட்டுகளின் வேகம் நிமிடத்துக்கு 80 சுற்று. 78 தட்டைப் போடும்போது அதைச் சற்றே குறைக்க வேண்டும். தட்டின் அடியில் ஒரு வெள்ளைத் தாள்துண்டு நீட்டிக்கொண்டிருக்குமாறு செருகி, ஊசி வரியில் ஓடிக்கொண்டிருக்கும்போதே 30 விநாடிகள் எண்ணுங்கள். 39 முறை வந்தால் சரி. ஊசி இல்லாமல் வெறும் சுழல்தட்டை எண்ணினால், ஊசி இறங்கியதும் வேகம் குறைந்துவிடும். 78 என்று நாம் பொதுவாகச் சொன்னாலும் 1925-இல் மின்முறைப் பதிவு வருவதற்கு முந்தைய தட்டுகள் பல 70 முதல் 80-க்கு மேல் வரை வெவ்வேறு வேகங்களில் பதியப்பட்டவை. பாத்தேயின் பழைய தட்டுகளுக்கு 90-க்கு மேலும் வேண்டியிருக்கும். பாடகரின் குரல் இயல்பாக ஒலிக்கும் வரை கட்டுப்படுத்தியைத் திருப்புங்கள். அந்த விஷயத்தில் காதுதான் நம்பகமான அளவுகோல்.

மற்ற இயந்திரத்தில் எடிசன் தட்டு: வேண்டாம்

விக்டர், கொலம்பியா வகை இயந்திரங்களில் எடிசன் தட்டை ஓட்டுவதற்கும் அந்தக் காலத்தில் அடாப்டர்கள் விற்றன. ஒரு முழங்கைக் குழாயின் நுனியில் வைரமுனையோடு கூடிய சவுண்ட் பாக்ஸ் படுத்தவாக்கில் இருக்கும். ஒலி வரும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த இயந்திரங்களில், சவுண்ட் பாக்ஸைத் தாங்கும் குழாயான கையை நகர்த்தும் பல்சக்கரம் கிடையாது. எடிசன் தட்டின் நெருக்கமான, ஆழமில்லாத வரியே கனமான கை முழுவதையும் இழுத்துச் செல்ல வேண்டியிருக்கும். அந்த வேலைக்காக அந்த வரி வெட்டப்படவில்லை. வேறு இயந்திரத்தில் ஓட்டிக் கெட்டுப்போனால் தாங்கள் பொறுப்பில்லை என்று எடிசன் நிறுவனமே அச்சிட்டுச் சொன்னது. அதில் வணிக நோக்கம் இருந்திருக்கலாம், ஆனாலும் சொன்னது உண்மை. எடிசன் தட்டுகள் சேர்ந்துவிட்டன என்றால், அவற்றுக்கான இயந்திரத்தைத் தேடுவதே சரியான வழி. அதுவரை உறையில் வைத்துக் காத்திருக்கலாம். ஓட்டாமல் இருப்பதால் தட்டு கெட்டுப்போகாது.

இரும்பு ஊசியை எடிசன் தட்டில் வைப்பதும், எடிசனின் வைரமுனையைப் பக்கவாட்டுத் தட்டில் வைப்பதும் இதைவிடக் கொடியவை. முன்னதில் தட்டு போகும். பின்னதில் தட்டும் முனையும் சேர்ந்து போகும்.

பிரன்ஸ்விக் நிறுவனத்தின் 'அல்டோனா' என்ற தலை இங்கே குறிப்பிடத் தக்கது. ஒரே தலையைத் திருப்பித் திருப்பி, இரும்பு ஊசி, பாத்தேக்கு நீலக்கல் குண்டு, எடிசனுக்கு வைரம் என மூன்றையும் பயன்படுத்தும்படி அதைச் செய்தார்கள். தனி அடாப்டர் தேவைப்படாத அழகான வேலைப்பாடு அது. ஆனால் அதன் வார்ப்பு உலோகம் வயதாக ஆக ஊதி இறுகிவிடுவதால், திரும்பாமல் சிக்கிக்கொண்ட தலைகளையே இன்று அதிகம் காண்கிறோம். திரும்பாத தலையை வலுவாகத் திருப்பினால் உடையும்.

பாத்தே தட்டுக்கு

பாத்தே தட்டின் வரி அகலமானது. அதற்கு வேண்டியது கூர்முனை அல்ல. உருண்டையாக மெருகிடப்பட்ட நீலக்கல் குண்டு. சாதாரண இயந்திரத்தில் இதை ஓட்டுவதற்கு இரண்டு பொருள்கள் தேவை. ஒன்று, சவுண்ட் பாக்ஸை 90 பாகை திருப்பி நிறுத்தும் முழங்கை அடாப்டர். மற்றொன்று, ஊசி செருகும் துளையில் பொருந்தும் தண்டின் நுனியில் பதித்த நீலக்கல் குண்டு. குண்டை மட்டும் வாங்கிச் செருகி, சவுண்ட் பாக்ஸைத் திருப்பாமல் விட்டால் ஒலி மிக மெலிதாகத்தான் வரும். திருப்பிவிட்டு இரும்பு ஊசியைச் செருகினால் தட்டு கெடும். எனவே இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும்.

குண்டைச் செருகுமுன் நகத்தின் மேல் அதை மெல்ல உருட்டிப் பாருங்கள். வழவழப்பாக நழுவினால் நல்லது. சிறிதளவு கீறினாலும் அதை ஒதுக்கிவிடுங்கள். நடுவிலிருந்து தொடங்கும் தட்டில், நடுப்பகுதிக்கு அருகிலுள்ள முதல் வரியில் குண்டை இறக்க வேண்டும். அது வெளிநோக்கி நகர்ந்து செல்லும். தானாக நிறுத்தும் கருவி உங்கள் இயந்திரத்தில் இருந்தால் அதை முன்கூட்டியே விடுவித்து வையுங்கள். 20 அங்குலப் பாத்தே தட்டுகளும் உண்டு. அவற்றைச் சாதாரணப் பெட்டிக்குள் வைக்கவே முடியாது.

எமர்சன் நிறுவனம் இரண்டு முறைகளுக்கும் நடுவே சாய்வாக வெட்டி, எந்த இயந்திரத்திலும் ஓடும் என்று சொல்லி விற்ற தட்டுகளும் இருந்தன. அவற்றுக்கு அடாப்டர் வேண்டியதில்லை.

துளை பெரிதாக உள்ள தட்டுகள்

சிகாகோவில் சில நிறுவனங்கள் இயந்திரத்தை மலிவாகவோ இனாமாகவோ கொடுத்து, தங்கள் தட்டை மட்டுமே வாங்க வைப்பதற்காக நடுத்துளையைப் பெரிதாக்கின. ஸ்டாண்டர்ட் தட்டுகளில் துளை 9/16 அங்குலம், ஹார்மனியில் 3/4, யுனைடெட்டில் 1 1/2, அரெட்டினோவில் 3 அங்குலம். வரிகள் கொலம்பியா தயாரித்த சாதாரணப் பக்கவாட்டு வரிகளே. எனவே துளையை நிரப்பும் வட்டமான வளையம் ஒன்றைக் கடைசல்காரரிடம் செய்து வாங்கினால் போதும். வளையத்தின் நடுத்துளை மையத்திலிருந்து இம்மியளவும் விலகக் கூடாது. விலகினால் சுருதி ஒவ்வொரு சுற்றிலும் ஏறி இறங்கும். வளையத்தின் உயரம் தட்டின் தடிமனைத் தாண்டாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உருளைகள்

உருளை இயந்திரத்தில் அடாப்டர் என்பது பல்சக்கரமும் ரீப்ரொடியூசரும் சேர்ந்த ஜோடி. எடிசனின் இரண்டு நிமிட உருளைகளில் அங்குலத்துக்கு 100 வரிகள். 1908-இல் வந்த நான்கு நிமிட அம்பெரோல் உருளைகளில் 200. பழைய இரண்டு நிமிட இயந்திரங்களில் நான்கு நிமிட உருளையை ஓட்டுவதற்கு, நகர்வை பாதியாக்கும் பல்சக்கரத் தொகுதியை எடிசன் நிறுவனமே விற்றது. இயந்திரத்தில் அப்படி ஒரு பொத்தானோ நெம்புகோலோ இருந்தால், உருளையைச் செருகும் முன் அது எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள்.

பல்சக்கரத்தை மாற்றினால் ரீப்ரொடியூசரையும் மாற்றியாக வேண்டும். 'சி' வகை இரண்டு நிமிடத்துக்கு, 'எச்' வகை நான்கு நிமிடத்துக்கு. 'கே' வகையில் இரண்டு முனைகளும் உண்டு, திருப்பிக்கொள்ளலாம். 'சி' வகையின் பருத்த முனை நான்கு நிமிட உருளையில் ஒரே நேரத்தில் பக்கத்து வரிகளின் மேலும் ஏறி நசுக்கும். வைரமுனை உள்ள ரீப்ரொடியூசர்கள் 1912 முதல் வந்த நீல அம்பெரோல் செல்லுலாய்டு உருளைகளுக்கு மட்டுமே உரியவை. மெழுகு உருளையில் அவற்றை ஒருபோதும் இறக்கக் கூடாது.

மெழுகு உருளையை வெளிப்பரப்பில் தொடாமல், இரண்டு விரல்களை உள்ளே விட்டு விரித்துத் தூக்க வேண்டும். நீல அம்பெரோலின் உள்ளே இருக்கும் பிளாஸ்டர் ஈரத்தில் ஊதிவிடும் என்பதால், சில உருளைகள் இயந்திரத்தின் தண்டில் இறுகிப் பாதியிலேயே நிற்கும். அழுத்தித் தள்ளினால் செல்லுலாய்டு பிளந்துவிடும். அத்தகைய உருளையின் உட்புறத்தை மிக மெல்லிய உப்புத்தாளால், சுற்றிலும் ஒரே அளவாக, பொறுமையாகத் தேய்த்துச் சரிசெய்ய வேண்டும்.

சுத்தம் செய்வது

இங்கே வகைகளைக் குழப்பிவிடுவது எளிது. அரக்குத் தட்டை ஆல்கஹால் கலவை எதனாலும் துடைக்கக் கூடாது, அரக்கு கரைந்துவிடும். அதற்குத் துளி சோப்பு கலந்த வெதுவெதுப்பில்லாத தண்ணீரே போதும். நடுவில் ஒட்டிய காகிதம் நனையாமல் கழுவி உடனே துடைக்க வேண்டும். எடிசன் டயமண்ட் டிஸ்க்குக்கு நேர்மாறு. அதன் உள்ளே இருக்கும் மரத்தூள் கலவை தண்ணீரை உறிஞ்சி ஊதிவிடும் என்பதால் தண்ணீர் படவே கூடாது. ஆல்கஹாலில் லேசாக நனைத்த மென்மையான துணியால் வரியின் போக்கில் துடைக்கலாம். நீல அம்பெரோலுக்குச் சற்றே ஈரமான துணி மட்டும், உட்புறம் நனையாமல். மெழுகு உருளையில் பூஞ்சை இருந்தாலும் அதைத் துடைக்க முயல வேண்டாம். உலர்ந்த தூரிகையால் தூசியை மட்டும் தட்டிவிடலாம்.

அடாப்டர் வாங்கும்போது

முதலில் உங்கள் இயந்திரத்தின் கைக்குழாயின் உள்விட்டத்தையும் வெளிவிட்டத்தையும் வெர்னியர் காலிப்பரால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். விக்டருக்கு என்று சொல்லப்படும் அடாப்டர் கொலம்பியா கையில் பொருந்தாது. ஒரே நிறுவனத்தின் முந்தைய, பிந்தைய மாதிரிகளுக்கு இடையிலும் அளவு மாறும். புகைப்படத்தைப் பார்த்து மட்டும் வாங்காமல், விற்பவரிடம் அளவைக் கேட்டு ஒப்பிடுங்கள்.

பழைய அடாப்டரில் சாம்பல் நிறத் துத்தநாகக் கலப்பு உலோகம் இருந்தால் மயிரிழை வெடிப்புகள் தெரிகின்றனவா என்று பாருங்கள்; வெடித்திருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்காதீர்கள். பித்தளையும் நிக்கல் பூச்சும் கொண்டவை நீடிக்கும். கீல்கள் இரண்டு பக்கமும் தடையில்லாமல் அசைகின்றனவா, திருகுகளின் புரி தேயாமல் இருக்கிறதா, உள்ளே பழைய ரப்பர் துணுக்கோ பூச்சிக்கூடோ அடைத்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். குழாயின் ஒரு முனையைக் கட்டைவிரலால் அடைத்து மறுமுனையில் வாயால் காற்றை இழுத்தால், நாக்கை ஒட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்கவில்லை என்றால் எங்கோ கசிகிறது. வைரமோ நீலக்கல்லோ பதித்த முனையோடு விற்றால், அதைப் புதியதாகக் கருதாமல் தேய்ந்ததாகவே கருதி, நல்ல முனை ஒன்றின் விலையையும் சேர்த்துக் கணக்கிட்டுப் பேரம் பேசுங்கள்.